நாக்கு அக்காவின் ஒரே பிரசங்கம்

மிஷன் மருத்துவமனையின் ஆவண அறையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அம்மாளை எல்லோரும் நாக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்துடுக்கால் வந்த பெயரல்ல. ஒரு கமிட்டி கூடி, மூன்று அமர்வுகள் விவாதித்து, தீர்மானம் போட்டுக் கொடுத்த பெயர்.

அந்த மருத்துவமனையை நடத்துவது ஒரு சர்வதேச மிஷனரி ஐக்கியம். அதற்கு ஒரு உலகத் தலைவர், இரண்டு உபதலைவர்கள், கண்டத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், அந்த மேற்பார்வையாளர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று பார்க்க ஒரு பொதுச்செயலர். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறும், கோட்டு மாறாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தரிசனம் கிடைத்திருக்கும். அது பெரும்பாலும் விமானத்தில்தான் கிடைத்திருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனிடம் கடவுள் பேசியதாக அந்த ஐக்கியத்தின் வரலாற்றில் ஒரு பதிவுகூட இல்லை.

தலைவர்கள் வருஷம் ஒருமுறை வந்து தங்கள் மொழியில் பிரசங்கம் செய்வார்கள். அதை மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அந்த மொழி தடங்கலில்லாமல் தெரிந்த ஒரே ஆள் ஆவண அறை அம்மாள். வகுப்பில் படித்ததல்ல. வெளிநாட்டு டாக்டர்கள் எழுதிய நோயாளிக் குறிப்புகளை எட்டு வருஷம் எழுத்தெழுத்தாக உடைத்துப் படித்துக் கற்றது. அந்தக் கையெழுத்தையே படித்தவளுக்கு மொழி எம்மாத்திரம்.

சிக்கல் வேறு. ஐக்கியத்தின் சட்டப்படி பெண் பிரசங்கம் செய்யக் கூடாது. அப்படியானால் மொழிபெயர்ப்பது பிரசங்கமா? கமிட்டி இரண்டு அமர்வுகள் மண்டையை உடைத்துக்கொண்டது. மூன்றாவது அமர்வில் ஒரு மூத்த போதகர் வழி கண்டுபிடித்தார்.

"அவங்க எங்க பேசுறாங்க? தலைவர்தானே பேசுறாரு. அவங்க வெறும் நாக்கு. நாக்குல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

எல்லோரும் ஆமென் என்றார்கள். ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். நாக்கு மேடைமேல் ஏறக் கூடாது, ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் அப்படி ஒரு படி கீழே நின்றாள். தலைவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "நான் வாலிபத்தில் குத்துச்சண்டை வீரனாக இருந்தேன்" என்றாள். "நான் என் மனைவியை முதன்முதலில் ஜெபக்கூட்டத்தில்தான் பார்த்தேன்" என்றாள். கடைசி வரிசையில் சலவைக்கூடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். ஒரு தலைவர் அழுதபோது, "நானும் அழணுமா?" என்று உள்ளூர்ச் செயலரிடம் சைகையில் கேட்டவள் அவள். வேண்டாம், வார்த்தை மட்டும் போதும் என்று கையசைத்தார் அவர். இப்படி ஆயிரம் தடவை 'நான்' சொல்லியிருப்பாள். அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

அவளுடைய தங்கை சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். ரத்தக்கறைத் துணி தனி, மற்றது தனி என்று பிரித்து, வெளுப்புத்தூள் கரைத்த தொட்டியில் அமுக்கி, கொதிகலனில் போட்டு எடுத்து, ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்கிப் பிழிவது வேலை. தலைவர்கள் தங்கள் இருதயத்தில் பாரம் இருப்பதாக அடிக்கடி சொல்வார்கள். நனைந்த கம்பளியை ஒருநாள் தூக்கிப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்தியிருப்பார்கள். தங்கையின் விரல் ரேகைகள் தேய்ந்துபோய், வருகைப்பதிவு மெஷினில் எத்தனை தடவை விரல் வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும்.

"மெஷினுக்கே என்னைத் தெரியல அக்கா. நான் வந்தேனா வரலையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது" என்பாள்.

அந்த வருஷம் வந்த உலகத் தலைவர் உயரமானவர், சிரித்த முகம், நல்ல குரல். கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது உள்ளூர்ச் செயலர் நாக்கு அக்காவைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். தலைவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தை அதில் எழுதியிருந்தது. பக்கத்தில், 'விடுதலை' என்று எழுதியிருந்தது.

"சிஸ்டர், தலைவர் இந்த வார்த்தையைச் சொல்லும்போது நீங்க விடுதலைன்னு சொல்லிடுங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள். அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும் அவள்தான். அந்தக் கடிதங்களில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம், ஆளை வீட்டுக்கு அனுப்புவது. எக்ஸ்ரே அறைக்காரரையும் இரண்டு டிரைவர்களையும் அந்த வார்த்தையால்தான் அனுப்பியிருந்தார்கள்.

"இது வேலையை விட்டு அனுப்புறதுக்குப் போடுற வார்த்தை ஐயா. யாரை அனுப்புறீங்க?"

"சிஸ்டர், நீங்க நாக்கு. மூளை வேலையை நாங்க பார்த்துக்கறோம்."

வேலை வாங்கும்போது மட்டும் எல்லோரும் சிஸ்டர்தான்.

அரங்கத்துக்குள் வந்தாள். எப்போதும் கடைசி வரிசையில் இருக்கும் சலவைக்கூடத்துப் பெண்கள் முப்பத்துநான்கு பேரும் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களே துவைத்து இஸ்திரி போட்ட உறை மாட்டிய நாற்காலிகளில். ஆளுக்கு ஒரு காகிதம், ஒரு பேனா. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக மை ஒற்றும் அட்டை. காகிதம் தலைவரின் மொழியில் இருந்தது. உலகம் முழுக்க ஒரே படிவம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். சமர்ப்பணப் படிவம் என்று பெயர்.

தங்கை முதல் வரிசையில், நேர் எதிரே இருந்தாள். அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தலைவர் பேசத் தொடங்கினார். அவள் வழக்கம்போல மொழிபெயர்த்தாள். நான் உங்கள் கைகளைப் பார்க்கிறேன். அவை பரிசுத்தமான கைகள். நேற்று விமானத்தில் கர்த்தர் என்னோடு பேசினார். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, கண் தங்கையின் மடியில் இருந்த காகிதத்தில் ஓடியது. மேடைமேல் நின்றிருந்தால் அந்த எழுத்து தெரிந்திருக்காது. ஒரு படி கீழே நின்றதால் தெரிந்தது. 'இன்று முதல் என் பணியிலிருந்து நானே மனமுவந்து விலகுகிறேன். இதற்காக யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன்.' அதன்கீழ், பெயர் எழுத ஒரு கோடு.

சலவையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்போவதாக ஒரு கடிதம் போன மாதம் அவள் கை வழியாகப் போயிருந்தது. இப்போது புரிந்தது. அனுப்பினால் பதில் சொல்ல வேண்டும், தாங்களே போனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தலைவர் இரண்டு கைகளையும் விரித்து, செயலரின் சீட்டில் இருந்த அந்த வார்த்தையைச் சொன்னார். பழக்க தோஷம், அவள் வாயில் சீட்டில் இருந்ததே வந்துவிட்டது.

"இன்று நாங்கள் உங்களுக்கு விடுதலை கொடுக்கிறோம்."

முப்பத்துநான்கு பேரும் கைதட்டினார்கள். யாரோ அல்லேலூயா சொன்னார்கள். தங்கை மை அட்டையில் பெருவிரலை வைத்தாள். அதிலாவது ரேகை விழுமா என்று பார்ப்பவளைப் போல விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

தலைவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நாக்கு அசையவில்லை. செயலர் தொண்டையைச் செருமினார்.

"இதுவரைக்கும் நான்னு சொன்னதெல்லாம் அவரு" என்றாள் நாக்கு அக்கா, கூட்டத்தைப் பார்த்து. "இப்ப நான்னு சொல்றது நான். அவர் சொன்னது விடுதலை இல்ல, வேலையை விட்டு நிறுத்துறது. அந்தக் காகிதத்துல நீங்களே வேலையை விட்டுப் போறதா எழுதியிருக்கு. நான் படிச்சுட்டேன். கைநாட்டு வைக்காதீங்க."

இரண்டாம் வரிசைக்காரி ஒருத்தி நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப நாம இப்ப எதுக்கு அக்கா கைதட்டினோம்?"

சிரிப்பு வெடித்தது. முப்பத்துநான்கு பேரும் எழுந்தார்கள். தங்கை மை விரலை நாற்காலி உறையில் அழுத்தித் துடைத்தாள். எப்படியும் அவள்தான் துவைக்க வேண்டும். காகிதங்களைச் சேர்த்து, போர்வை மடிப்பதுபோல் நாலாக மடித்து, மேடையின் படியில் அடுக்கி வைத்துவிட்டு வரிசையாக வெளியே போனார்கள்.

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தனை பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்து மேடைப்படிக்கு வந்ததை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியது.

"என்ன சொன்னீர்கள்?" என்று அவர் மொழியில் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான்" என்றாள் அவளும் அதே மொழியில்.

மூன்று வாரம் கழித்து நாக்கு அக்காமேல் விசாரணை வந்தது. ஏமாற்றியதை வெளியே சொன்னாள் என்று குற்றம்சாட்ட முடியாது. சொன்னால் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே, பெண்ணாக இருந்தும் பிரசங்கம் செய்தாள் என்று குற்றம். ஐந்தாறு வாக்கியம் பிரசங்கமாகுமா என்பதில் மறுபடியும் மூன்று அமர்வுகள். ஆகும் என்று முடிவானது. அவளை மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து 'விடுவித்து' கடிதம் கொடுத்தார்கள். அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குச் சலவைக்காரிகள் முப்பத்துநான்கு பேரும் நடந்துபோய் மனு கொடுத்திருந்ததால், அவளுடைய ஆவண அறை வேலையில் கைவைக்கத் துணிவில்லை. சலவைக்கூடத்திலும் கைவைக்கவில்லை. வெளிக் கம்பெனியின் கடிதம் அலமாரியில் தூங்கியது.

ஒரு சின்ன இடைஞ்சல் மிச்சமிருந்தது. கமிட்டியின் தீர்மானத்தைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும், தலைவரின் மொழியில். அதை எழுத ஆள் இல்லை. செயலர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆவண அறை வாசலில் நின்றார்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம்..."

"வெச்சுட்டுப் போங்க ஐயா."

சாயங்காலம் வேலை முடிந்து ஈரக் கையோடு வந்த தங்கை, மேசைமேல் ஒட்டித் தயாராக இருந்த உறையைப் பார்த்தாள்.

"அந்த வார்த்தைக்கு என்னன்னு போட்ட?"

"உண்மையைச் சொன்னதுக்காக நீக்கிட்டோம்னு போட்டேன்."

"அவங்க விடுவிக்கிறோம்னுதானே எழுதியிருந்தாங்க?"

"அர்த்தம் அதுதானே" என்றாள் நாக்கு அக்கா. தபால்தலையை எடுத்து, நாக்கில் தொட்டு ஒட்டினாள்.