சிந்தாமணி விற்ற பாவங்கள்

விண்ணரசிக்கு இரண்டாம் தாரமாகப் போக விருப்பமில்லை. அதனால் அவளுக்குக் கதை தேவைப்பட்டது.

1946. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பயிற்சி முடித்து வந்த முதல் வருஷம். பங்குச் சாமியார்தான் பள்ளிக்கும் மேனேஜர்.

"இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. பிள்ளைங்க சொந்தமாக் கதை எழுதணுமாம். எழுதலைன்னா உன்னை வச்சுக்க முடியாது" என்றார்.

வேலை போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வரதராஜன்பேட்டை மளிகைக்கடைக்காரர் ஒருவர், மனைவியை அடக்கம் செய்த கையோடு அவள் அப்பாவிடம் ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தார்.

பயிற்சிப் பள்ளியில் சொன்னபடியே செய்தாள். படம் காட்டினாள். கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போனாள். எல்லாச் சிலேட்டிலும் பசு பால் கொடுத்தது. அடைக்கலசாமியின் பசு மட்டும் கொடுக்கவில்லை. அவன் எழுதி முடிக்கவில்லை.

"ஏண்டா, பசுவை விட்டா வேற ஒண்ணுமே தோணலையா?"

"இல்லாததை எழுதினா பொய்யில்ல டீச்சர்? அப்புறம் சாமிகிட்டச் சொல்லணுமே."

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களை ஒவ்வொருவராகச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புப் பெறும் நாள். பிள்ளைகளைக் கோயிலில் வரிசையாக நிறுத்துவது டீச்சர் வேலை. தூணுக்குப் பின்னால் நின்றவள் காதில் பேச்சு விழுந்தது. வாசற்படியில் சிந்தாமணி குந்தியிருந்தாள். அதே வகுப்புதான், இந்துக் குடியானவர் வீட்டுப் பெண். பாவசங்கீர்த்தனம் அவளுக்குக் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவள் வியாபாரத்தில் இருந்தாள்.

"எனக்கு ஒரு பாவமும் ஞாபகம் வரலடி. ஒண்ணுமில்லைன்னா சாமி நம்ப மாட்டாரு" என்றாள் மரிய புஷ்பம்.

"கொடுக்காப்புளியை எடு. மேலத்தெரு ஆயா கோழியைத் திருடித் தின்னுட்டு, இறகை நாயி வாயில ஒட்டி வச்சேன்னு சொல்லு."

"இப்ப உள்ள போன அடைக்கலசாமிக்கும் இதைத்தானடி குடுத்த?"

"அவனுது சேவலு. உனக்குப் பொட்டக்கோழி."

திங்கட்கிழமை விண்ணரசி பசுவைக் கைகழுவினாள். "சனிக்கிழமை சிந்தாமணிகிட்ட வாங்கினதை எழுதுங்க. ஆனா செஞ்சது நீங்க இல்ல, வேற ஒருத்தன். அவன் யாரு? ஏன் திருடினான்? எப்படி மாட்டினான்?"

"அது பொய்யில்லையா டீச்சர்?"

"அதுக்குப் பேருதாண்டா கதை."

சிலேட்டின் பின்பக்கமும் போதவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். நாயின் வாயில் இறகு வந்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த சாமியாரின் முகம் சிவந்துகொண்டே போனது. அந்தக் கோழிக்கு அவர், மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்லும்படி அபராதம் கொடுத்திருந்தார். சேவலுக்கும் அதே.

"பிரமாதம்! இதையெல்லாம் நீங்க முன்னாடியே கேட்டிருக்கீங்களா சாமி?"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லச் சாமியாருக்கு அனுமதியில்லை.

"டீச்சர் கெட்டிக்காரிங்க" என்றார்.

வேலை நிலைத்தது. மளிகைக்கடைக்காரருக்கு வேறு இடம் அமைந்தது. சாமியார் காரணம் சொல்லாமல், பொய் பேசக் கூடாது என்ற பாடத்தையும் விண்ணரசியிடமே ஒப்படைத்தார். ஓய்வு பெறும்வரை கதை எழுதும் பாடத்தையும் அதையும் அவள் அடுத்தடுத்த மணியில் நடத்தினாள்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன வாரமே சிந்தாமணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "இப்ப அவங்களே யோசிச்சுக்கிறாங்க டீச்சர். ஒருத்தரும் கொடுக்காப்புளி தர்றதில்ல."

"நீயும் உட்கார்ந்து ஒரு கதை எழுதேன்."

"சும்மாவா?"

மறுநாள் விண்ணரசி முந்தானையில் கொடுக்காப்புளி முடிந்துகொண்டு வந்தாள்.