கழிவறைச் சுவரில் ஒரு பெயர்

சகிதாத், ஊருக்குச் சகி, எங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக எல்டர்ஸ்லோவில் இருக்கிறார். அதில் பதினாறு வருடம் பக்கத்து நகரமான ஆசென் போகும் பேருந்தை ஓட்டியிருக்கிறார். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார். ஆப்கானிஸ்தானில் அவருக்கென்று இருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் செத்துப்போனார்கள் என்று கேள்வி. கேள்வி என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் அவரிடம் கேட்டதில்லை. எங்கள் ஊரில் இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வேலியை அளவாக வெட்டுவார். குப்பைத்தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைப்பார். எங்களைப் போலவே, ஆளைப் பார்த்தாலும் ‘மோய்’ என்பார், பிரிந்தாலும் ‘மோய்’ என்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆளை யார்தான் கவனிக்கிறார்கள்?

போன இலையுதிர் காலத்தில் ஊர்க்கூடத்தில் ஒரு கூட்டம். மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில் அறுபது அகதிகளைத் தங்க வைக்கலாமா, வேண்டாமா என்று பேச்சு. சாதாரண நாளில் பத்துப் பேர் வராத கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. கறிக்கடைக்காரர் பேரெண்ட் எழுந்தார்.

“வர்றவங்க நம்மள மாதிரி ஆகணும், அவ்வளவுதான் நான் சொல்றது. ஆக மாட்டேங்கறாங்களே. நம்ம சகியப் பாருங்க. இவரு நம்மாளு. இவர மாதிரி அறுபது பேர் வரட்டும், நானே கறி வெட்டித் தர்றேன்.”

அகதிகள் வரட்டும் என்று சொன்ன எங்கள் பக்கமும் விடவில்லை. நானே எழுந்து, “அதத்தான் நாங்களும் சொல்றோம் பேரெண்ட். சேந்து வாழ முடியும்கறதுக்கு சகிய விட வேற சாட்சி வேணுமா?” என்றேன். இரண்டு பக்கமும் கைதட்டியது அந்த ஒரு பெயருக்குத்தான். அவர் கடைசி வரிசையில் ஓட்டுநர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரே கை தூக்கினார்.

“ரெண்டு பக்கமும் என்னை உங்காளுன்னு சொல்லிட்டீங்க. சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இங்க இருக்கறவங்கள்ல யார் வீட்டுக் கக்கூஸ்ல என் பேர் இருக்கு?”

முதலில் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கு ஆள் மனசுக்குள் அவரவர் வீட்டுக் கழிவறையில் போய் நின்றுகொண்டிருந்தோம்.

பிறந்தநாள் நாட்காட்டி இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. வருடமும் இருக்காது, கிழமையும் இருக்காது, வெறும் தேதிகள்தான். வேண்டியவர்களின் பிறந்தநாளை அதில் எழுதிக் கழிவறையில் மாட்டுவோம். தினமும் உட்காரும் இடம் என்பதால் மறக்காது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. பெயர் எழுதிய வீட்டுக்காரர் அந்த நாளில் பிறந்தநாள்காரர் வீட்டில் தானாகப் போய் நிற்பார். காப்பியும் ஆப்பிள் கேக்கும் தயாராக இருக்கும்.

அன்று வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டாம் வருடம் நான் சண்டை போட்டுப் பேச்சை விட்ட முடிதிருத்துகிறவளின் பெயர் இருந்தது. கனடா போன ஒன்றுவிட்ட உறவு இருந்தது. என் கணவர் ஹார்ம் இருந்தார், பக்கத்தில் சின்னச் சிலுவைக் குறியோடு. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர் இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளே அவரைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். பேனாவோடு கழிவறை வாசலில் நின்று தேதி கேட்டேன்.

“காகிதத்துல ஜனவரி ஒண்ணு. வந்த புதுசுல அதிகாரி கேட்டப்ப எனக்குத் தெரியல. அவரே ஒண்ணப் போட்டுட்டார்” என்றார். “வருஷா வருஷம் அன்னிக்கு நான்தான் டூட்டி. ராத்திரி பட்டாசு வெடிச்சவங்கல்லாம் தூங்கணும்ல. காலி பஸ்தான் ஓட்டுவேன்.”

“நெஜமா பொறந்தது என்னிக்கு?”

“மல்பெரி உதிர்றப்ப பொறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க. ஜூன் கடைசின்னு வச்சுக்கலாம்.”

ஜூன் இருபத்துநான்கு காலியாக இருந்தது. எழுதினேன். அவர் எட்டி மற்ற பெயர்களைப் படித்தார். சிலுவைக் குறியில் விரலை வைத்தார்.

“செத்தவங்க பேரை அழிக்க மாட்டீங்களா, ரூலி?”

“எழுதினா எழுதினதுதான்.”

வெகுநேரம் அங்கேயே நின்றார். கழிவறை வாசலில் இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் நிற்பது? கனைத்தேன்.

சின்ன ஊர், செய்தி பரவிவிட்டது. கறிக்கடையில் பேரெண்ட், “இருபத்துநாலு. எழுதியாச்சு. மாமியார் பொறந்தநாளுக்கு அடுத்த நாளு, இனிமே அந்த வாரம் எனக்கு விமோசனமே இல்ல” என்றார். எனக்குத் தெரிந்து பத்து வீட்டில் எழுதினார்கள். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நான் திரிந்தேன்.

ஜூன் இருபத்துநான்கு வந்தது. சகிதாத் விடுப்பு எடுத்திருந்தார். பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார், அதில் ஐந்து என்னுடையவை. இரண்டு ஆப்பிள் கேக், பாலாடைக்கட்டித் துண்டுகள், கூரையில் தோரணம். எங்கள் வீடுகளில் எப்படியோ அப்படியே. நான் இரண்டரைக்குப் போய்க் கைகுலுக்கி வாழ்த்தினேன். அவர் காப்பி ஊற்றினார்.

மூன்று ஆனது. நான்கு ஆனது. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவோம். சைக்கிள் போய்விடும். அவர் எழுந்து கேக்கின் மேல் துணி போட்டு மூடினார்.

“எல்லாருக்கும் வேலை இருக்கும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி நேராகப் பேரெண்ட் வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் பரிசுப் பொட்டலம்.

“காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன், ரூலி. அவர் கூப்பிடவே இல்லையே.”

“நம்மள்ல யாரு யாரைப் பொறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்காங்க இத்தனை வருஷத்துல?”

“நாம சரி. அவங்க ஊர்ல முறையா வந்து அழைக்கணுமாமே. என் மக எங்கயோ படிச்சுட்டுச் சொன்னா. அழைக்காம போய் நின்னா அவருக்கு அவமானமாயிடுமோன்னு பாத்தேன்.”

இன்னும் மூன்று வீட்டுக்குப் போனேன். மூன்றிலும் இதே கதை. யார் மனசிலும் கள்ளமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் எங்களைப் போல இருந்து காட்ட இருபத்திரண்டு வருடம் பாடுபட்டார். நாங்கள் அவரை ஆப்கான்காரராக வைத்து மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

மறுபடி பேரெண்டிடம் போய், “இப்பவே வாங்க” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி. ஊரே இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், அப்போது யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எனக்கும் அது தெரியும்.

திரும்பி வந்தபோது சகிதாத் தோரணத்தை இறக்கியிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பேரெண்ட் நாள் முழுக்கச் சட்டை மாட்டிக் காத்திருந்ததைச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார்.

“அடுத்த வருஷம் நானே ஒவ்வொருத்தரையா இழுத்துட்டு வர்றேன், பாருங்க” என்றேன்.

“வேணாம், ரூலி. நீங்க வெளிய போனப்பதான் பஸ் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். அடுத்த வருஷம் ஜனவரி ஒண்ணு மாதிரியே ஜூன் இருபத்துநாலும் எனக்கு டூட்டி வேணும்னு சொல்லிட்டேன்.”

பிறகு என் ஐந்து நாற்காலிகளையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறையில் வரிசையாக வைத்தார். மோய் என்று சொல்லிவிட்டுப் போனார்.