தமிழிலிருந்து தமிழுக்கு

இரண்டு வீட்டாரும் தமிழர். இரண்டு வீட்டுக் கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். அப்படியிருந்தும் என் கலியாணப் பேச்சில் மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவை என்று நானே முடிவுசெய்து, நானே அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் வீடு இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற வீடு. நான் கட்டப்போகிறவருடைய வீடு தமிழ்நாட்டில், திண்டுக்கல் பக்கம். நாங்கள் சந்தித்தது இரண்டு ஊரிலும் இல்லை. வளைகுடா நாடொன்றில், ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். நான் வாய் திறந்த முதல் நாளே அவர் கேட்ட கேள்வி, "நீங்க மலையாளமா?" அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கிருந்த இந்தியத் தமிழர் பாதிப்பேர் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். நான் தமிழ் என்றால், "அப்புறம் ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்பார்கள். கொஞ்சக் காலம் சண்டை பிடித்துப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் அவர்களைப் போலவே பேசப் பழகிக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து பார்த்த தொலைக்காட்சி நாடகங்கள் கைகொடுத்தன. 'ஓம்' போய் 'ஆமா' வந்தது. கதைப்பது போய்ப் பேசுவது வந்தது. எங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. ஆகவே "உங்ககூடப் பேசணும்" என்று நான் ஆசையாகச் சொன்னபோதெல்லாம், அவரைத் திட்ட நேரம் கேட்கிற மாதிரித்தான் என் காதுக்குப் பட்டது. அதுவும் பழகிவிட்டது. இலங்கைக்காரி என்றே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் குளிர்ந்துபோனது உண்மை.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊருக்கு வந்தபிறகு கலியாண ஏற்பாடு தொடங்கியது. கலியாணம் கிளிநொச்சியில், விருந்து திண்டுக்கல்லில் என்று முடிவானது. மற்ற எல்லாவற்றையும் தொலைபேசியில் கதைத்துத்தான் தீர்க்கவேண்டியிருந்தது. அம்மாவுக்குத் தாலி என்றால் பொன்னில் செய்த கொடி. போட்டால் கழுத்தை இழுக்கவேண்டும். அவருடைய அம்மாவுக்குத் தாலி என்றால் மஞ்சள் கயிறு, மங்கலமெல்லாம் அதில்தான். எங்கள் வழக்கப்படி அவர் எனக்கு மாமி, அவர்கள் வழக்கப்படி அத்தை. நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். கயிறு பற்றிக் கேள்விப்பட்டதும் அம்மா, "கயிறோ? மாடே கட்டப்போகினம்?" என்று கேட்டா. நான் அதை, "கயிறும் ரொம்ப நல்லதுன்னு அம்மா சொல்றாங்க, அத்தை" என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டையும் கட்டுவது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு இரண்டு வீட்டாரும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற நாள் வந்தது. எங்கள் வீட்டு வளவில், வாசல் படலைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே கதிரைகளைப் போட்டோம். அப்பா அயன் பண்ணின சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார். அத்தை வணக்கம் சொன்னதும் அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைத் தொடங்கினார்.

"எங்கட பெட்டை கொஞ்சம் கோவக்காரி. மற்றும்படி கள்ளமில்லாதவள். நீங்கள் அவளைப் பேசிப்போடாதேங்கோ. பேசினா அழமாட்டாள், ஒருத்தரோடயும் கதைக்காமல் இருந்திடுவாள்."

அத்தையின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னங்க? பெட்டையா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் கொதித்தது. அப்பாவுக்கு முன்னாலிருந்த தொலைபேசியை எட்டி எடுத்து, "எங்க பொண்ணை நல்லாப் பாத்துக்கங்கன்னு அப்பா சொல்றாங்க, அத்தை" என்றேன்.

"அதுக்கென்ன, இனிமே எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் அத்தை. கதை பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போனது. எல்லாம் முடிந்து தொலைபேசியை வைத்தபிறகுதான் அப்பா மெல்லக் கேட்டார்.

"நான் தமிழிலதானே பெட்டை கதைச்சனான்?"

எங்கள் பக்கம் பெட்டை என்றால் பெண்பிள்ளை. வயலிலும் தோட்டத்திலும் நிற்கிற சனம் தங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடும். பள்ளிக்கூட ரீச்சர்மார் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். என் பெயர் அடையாள அட்டைக்கும் மற்றவர்களுக்கும்தான். அப்பாவுக்கு நான் பெட்டை. படலையைத் திறக்கும்போதே "பெட்டை, தண்ணி கொண்டா" என்று குரல் வரும்.

அன்று பின்னேரம் மாப்பிள்ளை தொலைபேசி எடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "பெட்டைன்னா என்ன? எங்க ஊர்ல கோழிக்கும் நாய்க்கும்தான் சொல்வாங்க. தங்கச்சி இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கா."

எங்கள் ஊரில் மகளைச் செல்லமாகச் சொல்வது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். நான் சொன்னது வேறு.

"அப்பாவுக்கு வாய் தவறிடுச்சு. அவர் அவ்வளவாப் படிக்கலைல்ல."

"ஓ, சரி சரி" என்று அவர் மணவறைப் பூவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா கேட்டுவிட்டா என்று எனக்கு விளங்கியது. அப்பா நல்லவேளையாக வயலுக்குப் போயிருந்தார்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டுமே. மறுநாள் காலை அப்பா மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, அந்தச் சொல்லை இனி அவையளுக்கு முன்னால சொல்லாதேங்கோ."

"எந்தச் சொல்லு?"

"என்னைக் கூப்பிடுற சொல்லு. அங்க அது நாய்க்கும் கோழிக்கும் சொல்லுறது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்து அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை, பயந்துபோனார். "ஐயோ, அந்த மனிசி என்ன நினைச்சிருக்கும்?" என்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, "அப்ப பிள்ளை எண்டு சொல்லட்டே?" என்று கேட்டார்.

அது நல்ல சொல், இரண்டு கரைக்கும் பொதுவான சொல். அதையும் வேண்டாம் என்றேன். "பிள்ளை எண்டா அங்க ஆம்பிளைப் பிள்ளையையும் சொல்லுவினம். பொண்ணு எண்டு சொல்லுங்கோ."

"பொண்ணு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "படத்தில கதைக்கிறமாதிரியெல்லே கிடக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதனால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அவர்களுக்கு முன்னால் மட்டும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். ஆனால் அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வாய் பழகினால்தான் சபையில் பிழை வராது என்று வீட்டிலும் தொடங்கிவிட்டார். படலையடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, "பெட்…" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, "பொண்ணு, இந்த உரப்பையைப் பிடி" என்பார். கடிக்கிற ஒவ்வொரு முறையும், எதையோ கை தவறிக் கொட்டிவிட்டவர் போல என்னைப் பார்ப்பார். 'ஓம்' சொல்லாமல் 'ஆமா' சொல்லலாமோ என்று அவராகவே கேட்டார். சொல்லுங்கோ என்றேன். கலியாணம் மட்டும்தானே, பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா இந்த ஆட்டத்துக்கு வரவேயில்லை. "எனக்கு இருக்கிறது ஒரு வாய்தான்" என்றுவிட்டா. ஒருநாள் அப்பா இல்லாத நேரம் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டா.

"அண்டைக்கு அவ்வளவு சனத்துக்குள்ள அந்த மனிசன் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டுக் கண்டுபிடிச்சவர்? மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரைப்பக்கமாகச் சனத்தோடு சனமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அப்பாவின் கையிலிருந்து என் கை நழுவிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற வயது எனக்கு. அப்பா என் பெயரைச் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "என்ர பெட்டை, என்ர பெட்டை" என்று கத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்தார். அந்தச் சனத்துக்குள் எத்தனையோ பெட்டைகள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சொல்லைத்தான் வாய் தவறியது என்று சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு முன்னால் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அப்போதாவது அப்பாவிடம் போய், அப்படியே கூப்பிடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டது, கலியாணம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கத்தைவிட என் ரோசம் பெரிது.

கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்க வேண்டும், தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குகிற சடங்கு. மாப்பிள்ளைக்கு இங்கே வீடு ஏது? தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டக்காவிடம் கேட்டோம். அந்த அக்கா, பெண்பிள்ளைகள் இருக்கிற கலகலப்பான மனிசி, யோசிக்காமல் வீட்டைத் திறந்துவிட்டா. அத்தையும் அவருடைய மகளும் மற்றவர்களும் பலாலியில் விமானத்தால் இறங்கி, வாடகை வான் பிடித்து வந்து அந்த வீட்டில் தங்கினார்கள். காலையும் மாலையும் அந்த அக்கா "பெட்டையள், வாங்கோடி சாப்பிட" என்று குரல் கொடுப்பது எங்கள் வளவுவரை கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

கலியாண வீட்டில் அப்பா வாசலில் நின்று, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று எல்லாரையும் வரவேற்றார். திண்டுக்கல் ஆட்களுக்கு அது சாதாரணம். எங்கள் ஆட்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்ன மச்சான், பொம்பிளை போகமுதல் நீ இந்தியாவுக்குப் போயிட்டியோ?" என்று அப்பாவின் மச்சான் ஒருவர் சத்தமாகக் கேட்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கூறைச்சேலைக்குள் உடம்பெல்லாம் கூசியது.

பின்னேரம் என்னை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற சடங்கு. தெருவைக் கடந்தால் மாப்பிள்ளை வீடு, அதற்கும் கார் பிடித்திருந்தார்கள். காருக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். அத்தை அவருக்கு முன்னால் வந்து கைகூப்பினார்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. உங்க பெட்டைய நாங்க பேசவே மாட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "அன்னிக்கு போன்ல நீங்க சொன்னது எனக்கு அப்பப் புரியலை. இந்த வீட்டம்மா பிள்ளைங்களக் கூப்பிடுறதக் கேட்டு, அவங்ககிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கப்பாவும் என்னையப் பொட்டப்புள்ளன்னுதான் கூப்பிடுவாரு."

அவருக்கு அன்று மனம் நோகவேயில்லை. விளங்கவில்லை, அவ்வளவுதான். விளங்காததை இங்கே வந்து கேட்டு விளங்கிக்கொண்டிருக்கிறார். வெட்கப்பட்டவள் நான் ஒருத்திதான். யாரும் குற்றம் சொல்லாத ஒரு சொல்லுக்காக என் அப்பாவைத் திருத்தியிருக்கிறேன்.

அப்பா அத்தைக்குப் பதில் சொல்லமுதல் என் முகத்தைப் பார்த்தார். எது சரி என்று கேட்கிற பார்வை. நான் தலையசைத்திருக்க வேண்டும், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கார்க் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவர் தானாகவே முடிவுசெய்து, பிழையில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"ஆமாங்க. பொண்ணைப் பாத்துக்குங்க."

இந்த வருடம் காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு என் கணவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. வாய் தவறியது என் அப்பாவுக்கு இல்லை, எனக்குத்தான் என்றேன். "இதை மாமாகிட்டச் சொல்லு" என்றார்.

அப்பா வேப்பமரத்தடியில் சாக்குகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். நான் செய்தது பிழை என்றேன். பழையபடி கூப்பிடுங்கோ அப்பா என்றேன், அழுதும்விட்டேன். அவர் பதறிப்போய்ச் சாக்கைப் போட்டுவிட்டு என் தலையைத் தடவினார்.

"இதுக்கே அழுகிறாய்? சொன்னாப் போச்சு."

வாயைத் திறந்தார். "பெட்…" என்று தொடங்கியதும், பழகிய பழக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னொருமுறை முயன்று பார்த்தார். அப்போதும் அந்தச் சொல் அதே இடத்தில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, தன்னுடைய பிழைதான் என்பதுபோலச் சிரித்தார்.

"வருகுதில்லை. விடு, பொண்ணு" என்றார்.