முழங்கால் நனையாமல் பூநாரை காட்டுற வேலை

தட்டை நிலத்திலை ஆக்களை நடத்திக்கொண்டு போறது லேசான வேலை எண்டு நினைக்கிறவை தயவுசெய்து ஒருநாள் என்னோடை வாங்கோ. மலை ஏறுற ஆள் காலடியைப் பாத்து நடப்பான், விழுந்தால் செத்துப்போவன் எண்ட பயம் அவனுக்கு இருக்குது. மன்னார்ச் சதுப்புக் கரையிலை நடக்கிற ஆளோ வானத்தைப் பாப்பான், பூநாரையைப் பாப்பான், போனைப் பாப்பான். நிலத்தைப் பாக்கிற வேலை முழுக்க என்ரை தலையிலை. விருந்தாளியளோடை மாரடிக்கிற ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என்ரை பேர் றீற்றா, ஊர் தோட்டவெளி. பாலத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு ஹோட்டலிலை முதல் மூண்டு வருசம் லோன்றியிலை துணி தோய்ச்சனான். வெளுக்கிற மருந்துத் தண்ணி பட்டு ரெண்டு கையும் தோலுரிஞ்சு, சோறு பிசையக்கூட ஏலாமல் கிடந்தன். சின்னனிலை இந்தச் சேத்து வெளியிலை நண்டு பிடிச்சுத் திரிஞ்சவள் எண்டு தெரிஞ்ச பிறகுதான், விடியக்காலமை விருந்தாளியளை நடத்திக்கொண்டு போய்ப் பறவையள் காட்டுற வேலையைத் தந்தினம். எனக்கு அந்த வேலை உயிர். போன வருசம் ஒரு வெள்ளைக்காரர் சொல்லுக் கேளாமல் விலகிப்போய் இடுப்பளவு இறங்கிப்போட்டார். ஆளை இழுத்து எடுத்தாச்சு, ஆனால் அவர் இன்ரநெற்றிலை எழுதினது இன்னும் கிடக்குது. மனேஜர் என்னைத் தன்ரை கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "இன்னொரு விருந்தாளியின்ரை முழங்கால் சேத்துக்குள்ளை போச்சுதெண்டால் நடையும் முடிஞ்சுது, நீரும் திரும்ப லோன்றிக்குத்தான்."

கழுதையை நம்பாத எஞ்சினியர்

எங்கடை தரை பொல்லாத தரை. வெய்யிலுக்கு மேல்தோல் காய்ஞ்சு, உப்புப் பூத்து, சீமெந்து போட்ட முற்றம் மாதிரிக் கிடக்கும். கீழை கறுத்தச் சேறு. எது கெட்டி, எது பொய் எண்டு மனுசக் கண்ணுக்குத் தெரியாது, கழுதைக்குத் தெரியும். மன்னாரிலை ஆளில்லாமல் திரியிற கட்டாக்காலிக் கழுதையளுக்குக் குறைவில்லை. அதுகள் ஒவ்வொரு நாளும் அங்காலை புல்லுக்குப் போய்த் திரும்பி வருங்கள். விளிம்பு கூராய் இருக்கிற புதுக் குளம்புத் தடத்திலை கால் வைச்சு நடந்தால் பயமில்லை. மழை பெய்து விளிம்பு கரைஞ்ச பழைய தடத்தை மட்டும் நம்பப்படாது. இவ்வளவுதான் என்ரை படிப்பு.

கொழும்பிலை இருந்து வேலையிலை இருந்து இளைப்பாறின ஒரு எஞ்சினியர் வந்தவர். போனிலை வரைபடத்தைக் காட்டி, "நேர போனால் கால் மணித்தியாலம் மிச்சம்" எண்டார். "வேண்டாம் ஐயா, தடத்திலை வாங்கோ" எண்டன். "முப்பது வருசம் றோட்டுப் போட்டவனுக்குக் கழுதையோ வழி காட்டுறது?" எண்டு சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கித் தடத்துக்கு வெளியிலை வைச்சார். அப்பளம் நொருங்கின மாதிரி ஒரு சத்தம். எட்டி அவரின்ரை முதுகுப்பை வாரிலை பிடிச்சுப் பின்னுக்கு இழுத்தன், ரெண்டு பேரும் பொத்தெண்டு விழுந்தம். கணுக்கால் மட்டும்தான் கறுப்பு. முழங்காலுக்கு இன்னும் ஒரு சாண் கிடக்குது எண்டு நான் கண்ணாலை அளந்துகொண்டிருக்க, அவர் மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார்: "பிள்ளை, அந்தக் கழுதை எந்தப் பக்கத்தாலை போனது?"

ஐஞ்சு கன்னியாஸ்திரியளும் வாடைக் காத்தும்

மார்கழியிலை ஒரு மடத்திலை இருந்து ஐஞ்சு சிஸ்டர்மார் வந்திச்சினம். எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. சேறு பட்டால் மறைக்கிற உடுப்பில்லை. பூநாரையளை வடிவாய்ப் பாத்து, திரும்பி வாற பாதியிலை வாடை திடீரெண்டு ஏறிச்சுது. வாடை அடிச்சால் கடல் தண்ணி சேத்து வெளிக்குள்ளை தள்ளுப்படும். கொஞ்ச நேரத்திலை எங்கடை கணுக்காலைச் சுத்தித் தண்ணி. ஆழமில்லை, ஆனால் கீழை கிடந்த குளம்புத் தடம் ஒண்டுமே தெரியேல்லை. முன்னுக்கும் தண்ணி, பின்னுக்கும் தண்ணி.

"ஒருத்தரும் அசையாதேங்கோ" எண்டன். ஒரு சிஸ்டர் செபமாலையை எடுத்திட்டா. கூப்பிடு தூரத்திலை ஆறேழு கழுதையள் நிண்டுதுகள். அதுகள் வெளிக்கிடுகிற வரைக்கும் நாங்கள் நிக்கிறதைத் தவிர வேறை வழியில்லை எண்டு சொன்னன். நிண்டம். செபமாலை ஒரு சுத்து முடிஞ்சுது, கழுதை அசையேல்லை. தண்ணி இன்னும் நாலு விரல் ஏறிச்சுது. கடைசியிலை ஒரு கிழட்டுப் பெட்டைக் கழுதை தலையை உதறிப்போட்டு எங்களைக் கடந்து றோட்டுப் பக்கம் நடக்க வெளிக்கிட்டுது. அது கால் வைச்ச இடத்திலை நான் வைச்சன், நான் வைச்ச இடத்திலை அவை வைச்சினம். கெட்டித் தரைக்கு வந்து சேர்ந்த பிறகு, கழுதைக்குப் பின்னாலை நடக்க வைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டன். அவையிலை மூத்த மதர் உடுப்பைப் பிழிஞ்சுகொண்டு சொன்னா: "யேசுநாதரே எருசலேமுக்குக் கழுதையை நம்பித்தான் போனவர், எங்களுக்கென்ன மகள்?"

ஒத்தைச் சப்பாத்து

பிரான்சிலை இருந்து வந்த ஒரு மனுசி படமெடுக்கிற அவசரத்திலை தடத்தை விட்டு ஒரு கால் விலகிப்போட்டா. நான் பாய்ஞ்சு பிடிச்சன், கால் வந்திட்டுது, சப்பாத்து வரேல்லை. கையை விட்டுத் துளாவினன், அது போன இடமே தெரியேல்லை. முழங்காலுக்கும் சேறு ஏறின இடத்துக்கும் சரியாய் ரெண்டு விரல் இடைவெளி. மனுசி சிரிக்கிறா, எனக்கு அழுகை வருகுது. ஹோட்டல் வான் ஓடுறவர் எருக்கலம்பிட்டி நியாஸ் நானா. வானுக்குள்ளை கிடந்த தண்ணியாலை அந்தக் காலைத் தேய்ச்சுக் கழுவி, தன்ரை செருப்பைக் கழட்டி மனுசிக்குப் போட்டுவிட்டார். வாசலிலை மனேஜர் நிக்கிறது தூரத்திலையே தெரிஞ்சுது. வெறுங்காலோடை பிறேக்கை அமத்திக்கொண்டு நானா சொன்னார்: "சப்பாத்துத்தானே போனது றீற்றா, காலு திரும்பி வந்திருச்சே, மனேஜருக்குக் காலை மட்டும் காட்டுவோம்."

முதலாளி வந்த நாள்

அந்தக் கிழமையே கொழும்பிலை இருந்து முதலாளி வந்தார். நடையை வைச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு தானே நடந்து பாத்து முடிவெடுக்கப்போறாராம். அறுபது வயது, நல்ல உடம்புக்காரர். முதல் நாள்தான் மழை பெய்தது. பூநாரையள் தூரத்திலை, வெள்ளைக் கோடு மாதிரித்தான் தெரிஞ்சுதுகள். "இவ்வளவுதானோ?" எண்டு முதலாளி கேட்டார். அந்தக் கேள்வியிலை எனக்கு லோன்றி மணம் மூக்குக்குள்ளை ஏறிச்சுது. வலது பக்கமாய் ஒரு தடம் பறவையளுக்குக் கிட்டப் போச்சுது. விளிம்பு மழையிலை கரைஞ்சு கிடந்தது. பாத்தனான், தெரிஞ்சது. எண்டாலும், "இஞ்சாலை வாங்கோ ஐயா" எண்டு நான் முன்னுக்கு நடந்தன். அந்த நேரம் எனக்கு மூளை எங்கை போச்சுதோ தெரியாது.

முப்பது அடி போயிருப்பன். தரை விட்டுது. ஒரு மூச்சிலை தொடைவரைக்கும் உள்ளை. முதலாளி பதறிப்போய், "கையைத் தாரும்!" எண்டு காலைத் தூக்கினார். நான் கத்தினன்: "நில்லுங்கோ! அசைஞ்சால் கொன்றுபோடுவன்!" முதலாளிக்கு அப்பிடிச் சொன்னன் எண்டு பிறகுதான் உறைச்சுது. மனுசன் தூக்கின காலைத் திரும்ப அதே அடியிலை வைச்சிட்டுச் சிலை மாதிரி நிண்டார். உன்னினால் சேறு இன்னும் இழுக்கும். நான் மல்லாந்து படுத்து, கையை விரிச்சு, வலது காலை மெல்ல மெல்ல ஆட்டினன். சேறு காதுக்குள்ளை போச்சுது. நான் கத்தின சத்தத்தைக் கேட்டு நியாஸ் நானா வானின்ரை ரப்பர் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஒண்டுக்கு முன்னாலை ஒண்டாய்ப் போட்டார். அதிலை தவண்டு தவண்டு வெளியிலை வர அரை மணித்தியாலம் எடுத்துது. அதுவரைக்கும் முதலாளி முகத்திலை இருந்த வேர்வையைக்கூடத் துடைக்கேல்லை. பிறகு வந்த அடியிலேயே கால் வைச்சுத் திரும்பினார்.

றோட்டிலை மனேஜர் குடையோடை நிண்டார். தலையிலை இருந்து கால்வரைக்கும் கறுப்பாய் நான். "ஏன் அந்தப் பக்கம் போனனீர்?" எண்டு முதலாளி கேட்டார். கழுதை வழி மாறிப்போட்டுது எண்டு சொல்லியிருந்தால் அவருக்கு என்ன தெரியப்போகுது? வாய்க்குள்ளை வந்த பொய்யை விழுங்கிப்போட்டன். "பழைய தடம் ஐயா. தெரிஞ்சுதான் போனனான். உங்களுக்குக் கிட்டக் காட்டினால் வேலை நிலைக்கும் எண்டு நினைச்சன். பயத்திலை செய்த பிழை." மனேஜர் சொன்ன முழங்கால் கதையையும் மறைக்காமல் சொன்னன். சொல்லிப்போட்டு அழுதும் போட்டன். முதலாளி என்னைப் பாத்தார், பிறகு குடையைப் பாத்தார், குடை பிடிச்ச மனேஜரின்ரை மினுங்குற சப்பாத்தைப் பாத்தார். கடைசியிலை சொன்னார்: "நடை நடக்கட்டும், ஆனால் நாளையிலை இருந்து முன்னுக்கு நடக்கிறது முழங்கால் சட்டம் போட்ட இந்த மனுசன், அவர் பிழையாய் அடி வைச்சால் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லும்."

இப்ப நாலு மாதமாய் மனேஜர் முன்னுக்கு நடக்கிறார், நான் பின்னுக்கு நிண்டு கத்துறன், என்ன, முந்தி விருந்தாளியின்ரை முழங்காலுக்கு மட்டும் பயந்தனான், இப்ப மனேஜரின்ரை முழங்காலுக்கும் சேர்த்துப் பயப்பிடவேண்டிக் கிடக்குது.