கக்கூஸ் வீட்டுத் தாத்தா

தை அமாவாசை அன்று என் அப்பாவைத் தொலைத்துவிட்டேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. நினைவு தப்பிக்கொண்டிருந்தது. காலையில் காணாமல் போனவர் மதியம் வரை கிடைக்கவில்லை. திருவள்ளூரின் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு வயதானவரைத் தேடுவது எப்படி என்று. அவர் தொலையக் காரணம் நான்தான். அதை மறைத்துவிட்டுப் பெருமாள் செய்த உதவியை மட்டும் சொல்ல முடியாது. நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன். பிழை இருந்தால் அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா பெயர் நரசிம்மன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை செய்தார். அமாவாசைக்கு வெளியூர் ஜனங்கள் முந்தின நாளே வந்து கோயிலைச் சுற்றித் தங்குவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா அவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவார். ஆண்கள் வாங்கிக் குடிப்பார்கள். பெண்கள் வேண்டாம் என்பார்கள்.

ஒரு தடவை, "இவ்ளோ வெயில்ல ஏம்மா வேணாங்கறீங்க?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சா அப்பால போறதுக்கு எடம் வேணுமே, நைனா" என்றாள்.

அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மாடியில் ஓர் அறை கட்ட வைத்திருந்த செங்கல்லைக் கொண்டு சந்துப் பக்கம் இரண்டு கக்கூஸ் கட்டினார். உள்ளே தாழ்ப்பாள் வைத்தார். வெளியே பூட்டு வைக்கவில்லை.

அதிலிருந்து அமாவாசை என்றால் எங்கள் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். நெற்றியில் திருமண், கையில் துடைப்பம், பிளீச்சிங் பவுடர். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. தயங்கி நிற்பவர்களிடம், "வெக்கப்படாத போம்மா, எல்லார்க்கும் வர்றதுதான்" என்பார். அவரை எல்லாரும் கக்கூஸ் ஊட்டு நைனா என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்ததும் கக்கூஸ் ஊட்டுத் தாத்தா ஆனார்.

அந்தப் பெயர் அவருக்குச் சந்தோஷம். எனக்கு அவமானம். என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "நாமம் போட்டுக்கினு ஊரு பீயக் கழுவுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஊருது இல்லடா, பெருமாளப் பாக்க வந்தவங்களுது" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், "யாரு, அந்தக் கக்கூஸ் ஊடா?" என்று கேட்டபோது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பிறகு எனக்கும் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்தது. இனித் தப்பித்தோம் என்று நினைத்தேன். முதல் வாரமே கேன்டீனில், அமாவாசைக்கு எங்கள் ஊருக்கு வந்துபோகும் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர், "டேய், இவன் நம்ம கக்கூஸ் ஊட்டுப் பையன்டா!" என்று கத்தினார். பாசமாகத்தான் கத்தினார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. அமாவாசை இல்லாத நாளிலும் டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டு வாசலில் நிற்பார். என் மகள் கோதைதான் முகம் சுளிக்காமல் அவரோடு நிற்பாள். நான் இதையே சாக்காக வைத்துக்கொண்டு, தை அமாவாசை காலையில் இரண்டு கதவுக்கும் பூட்டுப் போட்டேன். "தாத்தாவால முடியலம்மா" என்று கோதையிடம் சொன்னேன். அது பொய். என்னால்தான் முடியவில்லை.

அப்பா பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். "யார்டா பூட்னது?" என்றார். நான் உள்ளே போய் டிவியைப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் யாரும் இல்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் மனைவியும் கோதையும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். குளத்துத் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. போலீஸ் பந்தலில் சொன்னேன். "நரசிம்மன், வயது எழுபத்தெட்டு, நீலச் சட்டை" என்று அவர்கள் மைக்கில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை.

"அப்பா, தாத்தாவ நரசிம்மன்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பேரச் சொல்லுப்பா" என்றாள் கோதை.

"சும்மா இரு" என்றேன். பெற்ற தகப்பன் எங்கே கிடக்கிறாரோ தெரியாது. அப்போதும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

நோய் தீரக் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். நானும் ஒரு கட்டி வெல்லம் வாங்கிப் படியில் இறங்கினேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு நாமம்கூட வாயில் வரவில்லை. "பெருமாளே, நான் பூட்டிட்டேன். நீ தொறந்து வுடு" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கையில் இருந்த வெல்லம் எப்போது கரைந்து போனது என்று தெரியவில்லை.

கரை ஏறியதும் என் கால் நேராகப் போலீஸ் பந்தலுக்குப் போனது. மைக்கைக் கேட்டு வாங்கினேன். அந்தத் துணிவு என்னுடையதில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். "கக்கூஸ் ஊட்டுத் தாத்தாவக் காணோம். குளத்துக்குப் பின்னால, கக்கூஸ் ஊட்டுத் தாத்தா. நான் அவரு புள்ள" என்றேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"அய்யய்யோ, நம்ம தாத்தாவா!" என்று ஒரு குரல் கேட்டது. ஈரப் புடவையோடு ஒரு அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"காலைலேர்ந்து யாரோ நரசிம்மன்னு கத்திக்கினு கீறாங்கன்னு நானும் குந்திக்கினு இருந்தேனே! முன்னால போன எங்க ஊரு வேன்ல ஏறிட்டாரு அண்ணா. பள்ளிப்பட்டுல எறக்கிட்டுத்தான் பாத்தாங்களாம். சொல்லச் சொல்லி எனக்குப் போன் வந்துச்சு. ஒங்க ஊட்டாண்ட போனா அங்க பூட்டு தொங்குது. எங்க பாத்தாலும் பூட்டு! தாத்தான்னு ஒரு வார்த்த மைக்ல சொல்றதுக்கு இன்னா அண்ணா ஒனக்கு?"

நான் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திருத்தணியில் பஸ் மாறி, நானும் கோதையும் பள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா ஒரு வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள்.

"எத்தினி வருசமா கூப்ட்டோம், இன்னிக்குத்தான் மனசு வந்துது" என்று வீட்டுக்கார அம்மா பெருமையோடு சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூட்டப் பாத்துட்டு எங்களுக்காக நாலு ஊட்டுக் கதவத் தட்னாரு அண்ணா. ஒருத்தரும் தொறக்கல. 'வாங்கம்மா, வேற எடம் காட்றேன்'னு எங்க பின்னாலயே வந்தவரு, வேன்லயும் ஏறிட்டாரு. கூட்டத்துல நாங்க பாக்கல" என்றாள்.

என்னால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே நின்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது.

"ஏம்பா அங்கயே நிக்கற? அவசரமா? வெக்கப்படாத போ, அந்தப் பக்கம்தான். எல்லார்க்கும் வர்றதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர் காட்டிய பக்கம் போனேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

அன்று இரவே பூட்டுகளைக் கழற்றினேன். அப்பா அந்தப் புரட்டாசி வரை இருந்தார். கடைசி வரை என்னைப் பல நாள் தெரியாது, ஆனால் அமாவாசை தெரியும். காரியத்துக்குப் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். சித்தப்பாவும் வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இப்போது அமாவாசைக்கு நான் நிற்கிறேன், கோதையும் நிற்கிறாள். முதல் சில மாதம் துடைப்பத்தை எடுக்கும்போது தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இன்றைக்கும் சில நாள் அப்படித் திரும்பிப் பார்ப்பதுண்டு. அதையும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அடியார்களே, அவரிடம் கேட்க அழகான வார்த்தை வேண்டியதில்லை. எதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறதோ, அதைச் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படித்தான் என் அப்பாவைத் திரும்பப் பெற்றேன்.

அமாவாசைக்குத் திருவள்ளூர் வந்தால் தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், பயப்படாதீர்கள். குளத்துக்குப் பின்னால் வந்து, கக்கூஸ் வீடு எது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கதவு திறந்திருக்கும்.