சீலையில் ஒரு கோட்டுப் பொக்கற்

நீர் பொய் சொல்லியிருக்கிறீர். பொக்கற் வைத்த சீலையை உலகத்திலேயே முதலில் உண்டாக்கியது நீர்தான் என்று உம்முடைய புடைவைக்கடை விளம்பரம் சொல்கிறது. எண்பத்தைந்தில் ஜேர்மனியில், வுப்பர்டால் அகதிகள் விடுதியில் நீரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். பக்கத்து அறை அக்காவின் சீலையில் அந்தப் பொக்கற்றை உம்முடைய இரண்டு கண்ணாலும் பார்த்தீர்.

மறந்திருந்தால் சொல்கிறேன். தங்கும் அனுமதித் தாளை எந்நேரமும் கையோடு வைத்திருக்க வேண்டும். நமக்குக் காற்சட்டையில் பொக்கற் இருந்தது. அக்கா ஊர்ப் பழக்கப்படி தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார். அதை நீட்டிப்பதற்கு வெளிநாட்டவர் அலுவலகம் குறித்துக் கொடுத்த டெர்மின் நாளன்று நல்ல மழை. நனைந்தபடி போனவர், அதிகாரி கேட்டதும் அவர் முன்னாலேயே நெஞ்சுக்குள் கைவிட்டுத் தாளை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் முகம் சிவந்து கதிரையோடு பின்னால் நகர்ந்தார். முத்திரை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. இது செல்லாது, விசாரிக்க வேண்டும் என்றார். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மூன்று கிழமை அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

புதுத் தாள் வந்த அன்றே, தேவாலயத்தில் கொடுத்த பழைய ஆண்கோட்டின் பொக்கற்றை வெட்டியெடுத்து, பச்சை நைலெக்ஸ் சீலையில் வலது இடுப்புக்கு வரும் இடம் பார்த்துத் தைத்தார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டு. அழகென்று சொல்லமாட்டேன். முதலில் சிரித்தவர் நீர்.

"என்னக்கா, பஸ் கொண்டக்டர் வேலை கிடைச்சிட்டுதோ?"

"ஓம் தம்பி. ரிக்கற் எடுத்துப்போட்டு ஏறும்."

நடைபாதை முழுக்கச் சிரிப்பு. ஒரு மாதத்துக்குள் விடுதியில் இன்னும் நான்கு சீலைகளுக்குப் பொக்கற் முளைத்தது. அந்த நாட்களில் நாங்கள் இப்படிச் சிரித்துத்தான் பிழைத்தோம்.

இன்றைய நாகரிகம் பழையதைத்தான் திரும்ப விற்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. அக்காவும் பழையதைத்தான் எடுத்தார். இது புதுசா என்று அன்றைக்கே அவரிடம் கேட்டேன்.

"பொக்கற் ஆரோ ஜேர்மன்காரன்ரை. சீலை எங்கடை. இதிலை புதுசு என்ன கிடக்கு? ஆனா இனி ஒருத்தனுக்கு முன்னாலையும் நெஞ்சுக்குள்ளை கை விடமாட்டன்."

எனக்கு அதுதான் புதுசு.

போன கிழமை உம்முடைய கடைக்கு வந்தேன். சரிகைக் கரை வைத்த பொக்கற்றுக்குள் கையை விட்டேன். போகவில்லை. வாயைத் தைத்து மூடி வைத்திருக்கிறீர். கெல்சென்கிர்ச்சனில் பேரப்பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். "விடும் தம்பி, பெடியன் பிழைக்கட்டும்" என்றார். அவர் விடுவார். நான் விடமாட்டேன்.

அடுத்த மாதம் மண்டபம் எடுத்து உடுப்புக் காட்சி வைக்கிறீராம். அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் பதில் சொல்லும்: கை போகாத பொக்கற் யாருக்கு?