சென்னைக்கு முடிஞ்ச முகூர்த்தம்

பஞ்சாங்க ஆப்புக்குக் கஸ்டமர் கேரில் உட்காருவது என்றால், சூரியன் செய்கிற தப்புக்கெல்லாம் நாம் ஸாரி கேட்பது. என்னைப் போல போனை எடுத்து வணக்கம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் மகராசிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். எங்கள் ஆப், ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊரில் சூரியன் உதிப்பதை வைத்துக் கணக்குப் போடும். வில்லங்கமே அதில்தான்.

ராகுகாலத்து யாவாரம்

மதுரைப் பக்கம் பரவையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர். திங்கட்கிழமை காலண்டர்ப்படி ஒன்பது மணிக்கு ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து ஷட்டரைத் தூக்குபவர். தை மாசத்தில் எங்கள் ஆப் ஒன்பதரை வரை ராகுகாலம் என்றதும் சண்டைக்கு வந்துவிட்டார். காலண்டர்க் கணக்கு, டாண் என்று ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற நாளுக்குத்தான் சரி, தை மாசத்தில் அது பிந்தித்தான் எழுந்திரிக்கும் என்று விளக்கினேன். போனிலேயே வருசத்தை எண்ணிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு வருசமா ராகுகாலத்துலதான் கடை தெறந்திருக்கேன். யாவாரம் நல்லாத்தானம்மா போச்சு, இனிமே எதுக்கு நல்ல நேரத்துல தெறந்து கெட்டுப்போகணும்?"

நிழல் விழாத நாள்

ஆவணியில் ஒரு நாள் உச்சிப் பொழுதில் மதுரையில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது, எங்கள் ஆப்பும் அந்த நாளைக் காட்டும். திருப்பரங்குன்றம் பக்கத்து டீச்சர் ஒருவர், பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவிட்டு, நிழல் இன்னும் கிடக்கிறதே என்று போன் போட்டார். நம் கடிகாரம் நாடு முழுமைக்கும் பொதுவானது, நமக்கு வெகு கிழக்கே உள்ள இடத்தை வைத்து ஓடுகிறது, சூரியன் நம் தலைக்கு மேல் வர இன்னும் கிட்டத்தட்ட இருபது நிமிசம் ஆகும் என்றேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"பிள்ளைக பூராம் தட்டைத் தூக்கிட்டுச் சத்துணவுக்கு ஓடிருச்சுக. வெயில்ல நின்னு பாத்தது நானும் சமையக்கார அக்காவும்தான்."

சென்னை மாமா

அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா மண்டபத்திலிருந்து கூப்பிடுகிறார். மாப்பிள்ளை வந்த வேன் வழியில் பஞ்சராகி, இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஏழரையோடு முகூர்த்தம் முடிந்துவிட்டது, வேறு நாள் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். மணையில் உட்கார்ந்த பெண்ணை எழுப்பினால் ஊர் என்ன பேசும்? மனுசன் அழுதேவிட்டார்.

கூத்து என்னவென்றால், இருவர் கையிலும் எங்கள் ஆப்தான். இவர் போனில் முகூர்த்தம் இருக்கிறது, மாமா போனில் இல்லை. மாமா எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். சென்னையாம். போனிலும் ஊர் சென்னை என்றே கிடந்தது. சூரியன் சென்னையைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணே மதுரைக்கு வரும், லக்னமும் அப்படித்தான், ஊரை மாற்றச் சொல்லுங்கள், சீக்கிரம் என்றேன். மாற்றினார்கள். ஏழெட்டு நிமிசம் மிச்சம் இருந்தது.

போனை வைக்க மறந்துவிட்டார். கெட்டிமேளம் என் காதிலேயே கொட்டியது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. மேளம் ஓய்ந்ததும் மூச்சு வாங்க லைனுக்கு வந்தார்.

"தாயி, நம்ம ஊருக்கு எல்லாமே லேட்டாத்தான் வருதுன்னு இம்புட்டு நாளா வைஞ்சுக்கிட்டே இருந்தேன், இனி வைய மாட்டேன்."

வானத்துக் கணக்கு நொடி பிசகாது என்பதெல்லாம் நிசம்தான், ஆனால் நம் ஆட்களுக்கு அதில் வேண்டியது அந்தக் கூடுதல் ஏழெட்டு நிமிசம் மட்டுமே.